ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர்களின் மூளை வளர்ச்சியை அறிந்து கற்பிப்பது எப்படி?

கேள்வி: அறிவியல் ஆசிரியை, அரசு உயர்நிலைப் பள்ளி

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுத்துவருகிறேன். அண்மையில் நடந்த பணியிடைப் பயிற்சியில், வளரிளம் பருவத்தினரின் மூளையில் முன்பகுதி 25 வயது வரை முழு வளர்ச்சி அடைவதில்லை என்றும், அதனால்தான் அவர்கள் அவசரப்படுகிறார்கள், பின்விளைவை எண்ணிப் பார்ப்பதில்லை என்றும் கருத்தாளர் விளக்கினார். கேட்கச் சுவையாகத்தான் இருந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு வகுப்பில் எதை மாற்றுவது என்பது எனக்குப் புலப்படவில்லை. வளராத மூளை என்றால், அது வளரும் வரை நாம் காத்திருக்க வேண்டியதுதானா?

குறிப்பாக மூன்று செய்திகளில் தெளிவு தேவைப்படுகிறது. இயக்கச் சமன்பாடுகளைக் கொண்டு கணக்குப் போடும் பகுதியை நடத்தும் வாரத்தில் பெரும்பாலோர் சரியாகச் செய்துவிடுகிறார்கள்; அதே வகைக் கணக்கை அரையாண்டுத் தேர்வில் கொடுத்தால், மூன்று சமன்பாடுகளில் எதை எடுப்பது என்றே தெரியாமல் விழிக்கிறார்கள். இது மறதியா, கவனக்குறைவா, அல்லது இந்த வயதின் இயல்பா? அடுத்து, விடைத்தாள்களை மதிப்பெண் வரிசையில் பெயர் சொல்லி அழைத்துக் கொடுப்பது எங்கள் பள்ளியில் நெடுநாள் வழக்கம். கடைசியில் அழைக்கப்படுகிறவர்களுக்கு ரோஷம் வந்து படிப்பார்கள் என்பது மூத்த ஆசிரியர்களின் வாதம். நான் பார்த்தவரை அவர்கள் படிப்பதில்லை, விடைத்தாள் கொடுக்கும் நாளில் விடுப்பு எடுக்கிறார்கள். மூன்றாவது, காலை எட்டு மணிச் சிறப்பு வகுப்பு. அதில் பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறார்கள். மூளை ஆராய்ச்சி இவற்றைப் பற்றி உண்மையிலேயே ஏதாவது சொல்கிறதா?

பதில் 1: ஆய்வு மாணவர், நரம்பியல்

ஆசிரியைக்கு வணக்கம். மூளை வளர்ச்சி குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். பள்ளியில் பாடம் நடத்தியவன் அல்லன். ஆகவே ஆய்வுகள் சொல்வதை மட்டும் கூறுகிறேன், நடைமுறையை இங்குள்ள ஆசிரியர்கள் சொல்லட்டும்.

கருத்தாளர் கூறியது பொய்யன்று, ஆனால் அது பாதிதான். அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் தலைமையிலான குழுவினர், ஒரே பிள்ளைகளை ஆண்டுகள் இடைவிட்டுத் திரும்பவும் எம்.ஆர்.ஐ. படமெடுத்து 1999இல் வெளியிட்ட முடிவின்படி, முன்மடலில் உள்ள சாம்பல்நிறப் பகுதி பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 11 வயதிலும் ஆண் பிள்ளைகளுக்கு 12 வயதிலும் உச்சத்தைத் தொட்டு, அதன் பிறகு மெல்லக் குறையத் தொடங்குகிறது. குறைகிறது என்றவுடன் ஏதோ தேய்ந்துபோகிறது என்று எண்ண வேண்டாம். அடிக்கடி வேலை செய்யும் நரம்பிணைப்புகள் உறுதிப்படுகின்றன, பயன்படாதவை கழிகின்றன, எஞ்சியிருக்கும் இழைகளின் மேல் மையலின் என்னும் கொழுப்புறை படிவதால் செய்தி விரைந்து கடக்கிறது. இந்தச் சீரமைப்பு நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதியில்தான் கடைசியாக நிறைவு பெறுகிறது. 25 என்ற எண்ணை ஒரு வசதிக்காகச் சொல்கிறார்கள்; அந்தப் பிறந்தநாளில் எந்தக் கதவும் திறப்பதில்லை.

உங்கள் கேள்விக்கு நெருக்கமான ஆய்வு வேறொன்று இருக்கிறது. இந்தியா உட்பட 11 நாடுகளில், 10 முதல் 30 வயது வரையிலான 5,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2019இல் வெளியிட்டார்கள். ஆற அமர யோசித்து முடிவுக்கு வரும் திறன் ஏறத்தாழ 16 வயதிலேயே பெரியவர்களின் நிலைக்கு வந்துவிடுகிறது என்பதும், மனம் கிளர்ந்திருக்கும் நேரத்தில் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் திறன் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் வளர்ந்துகொண்டே இருக்கிறது என்பதும் அதன் முடிவு. அப்படியானால் 14 வயதுப் பிள்ளைக்குப் பகுத்தறியும் மூளை இல்லை என்று சொல்வது தவறு. அது இருக்கிறது, எந்தச் சூழலில் அது வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி. சக வயதினர் பார்த்துக்கொண்டிருக்கும் இடம், அந்த வயதில் மனம் மிகவும் கிளரும் இடம். லாரன்ஸ் ஸ்டீன்பெர்க்கும் மார்கோ கார்ட்னரும் 2005இல் ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தபோது, நண்பர்கள் அருகில் இருந்தால் துணிந்து இடர் மேற்கொள்வது 13 முதல் 16 வயதினரிடம் மிகுதியாகக் கூடியது. 24 வயதைக் கடந்தவர்களிடம் அந்த ஏற்றம் அவ்வளவாக இல்லை.

மதிப்பெண் வரிசையில் பெயர் அழைக்கும் வழக்கத்தை இதனோடு சேர்த்துப் பாருங்கள். லியா சாமர்வில் என்ற ஆய்வாளர் 2013இல் செய்த சோதனையில், ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்தவர்களிடம், “உங்கள் வயதுள்ள ஒருவர் இப்போது கேமரா வழியாக உங்களைப் பார்க்கிறார்” என்று மட்டும் சொன்னார்கள். உண்மையில் யாரும் பார்க்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்கே வளரிளம் பருவத்தினரிடம் கூச்சம் ஏறியது, தோலில் வியர்வை அளவு உயர்ந்தது. சிறுவர்களிடம் அந்த அளவுக்கு இல்லை. யாரோ பார்க்கிறார் என்ற நினைப்பே இப்படிச் செய்தால், நாற்பது பேர் முன்னிலையில் கடைசிப் பெயராக அழைக்கப்படும் பிள்ளையின் கவனம் எதில் இருக்கும்? தன் விடையில் எங்கே தவறினோம் என்பதில் இருக்காது. அந்த நாளில் விடுப்பு எடுப்பது, அந்தப் பிள்ளையின் கோணத்தில் பார்த்தால், நன்கு யோசித்து எடுத்த முடிவுதான்.

இந்த வயதுக்கு உரிய பலம் ஒன்றையும் சொல்ல வேண்டும். எந்த வண்ணத்துப்பூச்சி எந்தப் பூவை நாடும் என்று ஊகித்து, ஒவ்வொரு ஊகத்துக்கும் சரி, தவறு என்று உடனே விடை பெறும் ஒரு விளையாட்டில், 13 முதல் 17 வயதினர் 20 முதல் 30 வயதினரை விடச் சிறப்பாகக் கற்றார்கள் என்று 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வெகுமதியை உணரும் மூளைப் பகுதியும் நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸும் அவர்களிடம் இணைந்து செயல்பட்டதை ஆய்வாளர்கள் கண்டார்கள். உடனுக்குடன் வரும் சரி, தவறு என்ற சேதி இவர்களுக்கு நம்மைக் காட்டிலும் கூடுதலாகப் பயன்படுகிறது. விடைத்தாள் பதினைந்து நாள் கழித்துக் கைக்கு வந்தால் அந்தப் பலம் வீணாகிறது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. மூளைப் படத்திலிருந்து நேரே பாடத்திட்டத்துக்குப் பாலம் கட்ட முடியாது என்று ஜான் புரூயர் என்ற அறிஞர் 1997இலேயே வாதிட்டார், அந்த வாதம் இன்றும் பெரும்பாலும் நிற்கிறது. கற்பிக்கும் முறைகளுக்கான வலுவான சான்று, பிள்ளைகளை நேரடியாகச் சோதித்துப் பார்த்த கற்றல் உளவியலிலிருந்து வருகிறது. உங்கள் முதல் ஐயத்துக்கு விடை அங்கேதான் கிடைக்கும்.

பதில் 2: ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கணிதம்

அம்மா, உங்கள் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அது மறதி மட்டும் அன்று. நாம் பயிற்சி கொடுக்கும் வரிசையில்தான் கோளாறு இருக்கிறது. முதல் சமன்பாட்டை நடத்துகிறோம், அதற்குரிய ஐந்து கணக்குகளைப் போடச் சொல்கிறோம். இரண்டாவதை நடத்துகிறோம், அதற்குரிய ஐந்து கணக்குகள். பிள்ளை கணக்கைப் படிக்கவே வேண்டியதில்லை, எண்களைப் பிரதியிட்டால் போதும். எதைப் பயன்படுத்துவது என்று தேர்ந்தெடுக்கும் வேலையை ஒரு நாளும் செய்யாத பிள்ளையிடம், தேர்வில் முதல்முறையாக அந்த வேலையைக் கேட்கிறோம்.

டக் ரோரர் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் இதைச் சோதித்து 2015இல் வெளியிட்டார். ஒரே கணக்குகள்தாம். சிலவற்றை வகைவாரியாகத் தொகுத்தும், சிலவற்றைப் பிற பாடக் கணக்குகளோடு கலந்தும் சில மாதங்கள் பயிற்சியாகக் கொடுத்தார்கள். திருப்புதல் முடிந்த மறுநாள் வைத்த தேர்வில் கலந்து பயின்ற பகுதியில் 80 விழுக்காடும், தொகுத்துப் பயின்ற பகுதியில் 64 விழுக்காடும் கிடைத்தன. முப்பது நாள் கழித்து வைத்த தேர்வில் முன்னது 74, பின்னது 42. உங்கள் அரையாண்டுத் தேர்வில் நடப்பது அந்த 42தான். கலந்து கொடுக்கும்போது பிள்ளைகள் தொடக்கத்தில் அதிகம் தவறுவார்கள், வகுப்பு மெதுவாக நகர்வது போலத் தோன்றும், நமக்கே பொறுமை போய்விடும். அதைக் கண்டு பழைய முறைக்குத் திரும்பிவிடக் கூடாது. சமன்பாடு எழுதவோ விடை காணவோ வேண்டாம், எந்தச் சமன்பாடு, ஏன் என்று மட்டும் சொல் என்று பத்துக் கணக்குகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். ஒரு பாடவேளையில் முடிந்துவிடும்.

இரண்டாவது, இம்பொசிஷன். தவறாக எழுதிய விடையைப் பத்து முறை எழுதி வரச் சொல்லும் தண்டனையை நம் பள்ளிகள் இன்னும் விடவில்லை. முதல்முறை எழுதும்போது பார்க்கிறான். அதன் பிறகு கை எழுதுகிறது, மனம் வேறெங்கோ இருக்கிறது. அண்ணன் நோட்டைப் பார்த்து எழுதுகிறவர்களும், தங்கையிடம் கொடுத்து எழுதி வாங்கி வருகிறவர்களும் உண்டு. ரோடிகர், கார்பிக் இருவரும் 2006இல் கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனை ஆசிரியர் அனைவரும் அறிய வேண்டியது. ஒரு பத்தியை நான்கு முறை படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதில் 40 விழுக்காட்டை நினைவு கூர்ந்தார்கள். ஒரே முறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி வைத்து மூன்று முறை நினைவிலிருந்து எழுதியவர்கள் 61 விழுக்காட்டை நினைவு கூர்ந்தார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது, நான்கு முறை படித்தவர்கள்தாம் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று நம்பினார்கள் என்பது. ‘படிச்சேன் சார், மறந்துடுச்சு’ என்று சொல்லும் பிள்ளை பொய் சொல்லவில்லை.

ஆகவே பத்து முறை எழுதச் சொல்வதற்குப் பதிலாக, இன்று ஒரு முறை, நாளை மறுநாள் ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை, ஒவ்வொரு முறையும் பார்க்காமல் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்தவுடன் புத்தகத்தைத் திறந்து அவர்களே சிவப்பு மையில் திருத்திக்கொள்ளட்டும். மேலே உள்ள நண்பர் சொன்ன உடனடிச் சேதி அதிலேயே வந்துவிடுகிறது. இந்தத் தாளுக்கு மதிப்பெண் போடாதீர்கள், பதிவேட்டில் ஏற்றாதீர்கள். ஏற்றினால் அன்றைக்கே பக்கத்து நோட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

பதில் 3: மேல்நிலை இயற்பியல் ஆசிரியர்

சொல்வதற்கு எளிது. எனக்கு ஒரு வகுப்பில் 58 பேர். டிசம்பருக்குள் போர்ஷன் முடிய வேண்டும், அதன் பிறகு ரிவிஷன் டெஸ்ட். பொதுத்தேர்வில் வரும் ஒரு மதிப்பெண் வினாக்களில் கணிசமானவை புத்தகத்தின் பின்பக்க வினாக்கள். பிள்ளைகளுக்கு இது தெரியும், பெற்றோருக்கும் தெரியும். அந்த நிலையில் வண்ணத்துப்பூச்சியையும் பூவையும் வைத்துச் செய்த ஆய்வைக் காட்டி என் கற்பித்தலை மாற்றச் சொல்வது எப்படி? தவிர, நண்பர்கள் அருகில் இருந்தால் நிதானம் தவறும் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் குழுவாக அமர்த்திப் படிக்க வைப்பதை விடத் தனித்தனியாக வரிசையில் அமர்த்துவதுதானே சரி?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘மூளைக்கேற்ற கற்பித்தல்’ என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு ஐயம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நம் ஊர்களில் ‘மிட்பிரெயின் ஆக்டிவேஷன்’ என்று ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கி, பிள்ளைகளின் கண்ணைக் கட்டிவிட்டுப் படிக்க வைப்பதாகக் காட்டினார்கள். கட்டுக்கும் மூக்குக்கும் இடையில் உள்ள சந்து வழியாகப் பிள்ளை பார்த்துப் படித்ததைப் பெற்றோர் மூளையின் ஆற்றல் என்று நம்பினார்கள். இடது மூளை மாணவன், வலது மூளை மாணவன் என்று பிரித்துப் படிவம் நிரப்பச் சொன்ன பயிற்சியிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

பதில் 4: ஆய்வு மாணவர், நரம்பியல்

ஐயா, உங்கள் ஐயம் நியாயமானது. கண்கட்டு வித்தைக்கும் இடது, வலது மூளைப் பிரிவினைக்கும் எந்த அறிவியல் அடிப்படையும் இல்லை. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று மாணவரை வகைப்படுத்தி அதற்கேற்பக் கற்பித்தால் நன்மை உண்டு என்பதற்கும் போதிய சான்று இல்லை என்று 2008இல் ஹரால்ட் பாஷ்லரும் உடனாய்வாளர்களும் விரிவாக எழுதினார்கள். அந்த வகைப்பாடு இன்றும் ஆசிரியர் பயிற்சிகளில் சொல்லப்படுவது வருத்தத்துக்குரியது.

குழுவைப் பற்றி ஒரு விளக்கம். நண்பர்கள் இருந்தால் இந்த வயதினரின் கவனம் அவர்கள் மேல் போகும் என்பதுதான் ஆய்வு சொல்வது. அந்தக் கவனத்தை நீக்க முடியாது, வரிசையில் அமர்த்தினாலும் அது பின் வரிசைக்குப் போகும். வேலை எதுவும் தராமல் ஆறு பேரைக் கூட்டி உட்கார வைத்தால் நீங்கள் சொல்வது நடக்கும். இருவராக அமர்த்தி, ஒருவர் பார்க்காமல் விளக்க மற்றவர் புத்தகத்தை வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்று மூன்று நிமிடம் மட்டும் கொடுத்தால், அந்தக் கவனமே பாடத்துக்குள் வந்துவிடுகிறது. பின்பக்க வினாக்களையே அதற்குப் பயன்படுத்தலாம். 58 பேர் வகுப்பில் ஒரே நேரத்தில் 29 பேர் வாய் திறந்து பாடம் சொல்கிறார்கள். எழுந்து நின்று பதில் சொல்லும் முறையில் ஒரு பாடவேளைக்கு எத்தனை பேரின் குரலைக் கேட்க முடிகிறது?

பதில் 5: அறிவியல் ஆசிரியை (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. கணக்குகளைக் கலந்து கொடுப்பதும், பார்க்காமல் எழுதித் தாங்களே திருத்துவதும் என் கையில் உள்ளவை. தலைமை ஆசிரியரின் அனுமதி கூடத் தேவையில்லை. விடைத்தாளை மடித்துக் கையில் கொடுப்பதையும் என் பாடத்தில் நான் செய்துவிட முடியும். ஆனால் தனியாகக் கொடுத்தால் கண்டிப்பு குறைந்துவிட்டதாகப் பிள்ளைகளே நினைக்க மாட்டார்களா என்ற தயக்கம் இருக்கிறது. காலைச் சிறப்பு வகுப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பிவிட்டுப் படிக்கச் சொல்லாத வீடே இல்லை. அப்போது படித்தால்தான் மனத்தில் நிற்கும் என்பது பெரியவர்களின் நம்பிக்கை.

பதில் 6: ஆய்வு மாணவர், நரம்பியல்

கண்டிப்பைப் பற்றி முதலில். டேவிட் யீகரும் உடனாய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஏழாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளை ஆசிரியர்கள் வழக்கம்போலக் கறாராகத் திருத்தினார்கள். அதன் பிறகு சிலருடைய தாளில் மட்டும், உன்னிடம் நான் எதிர்பார்ப்பது மிக உயர்ந்தது, உன்னால் அதை எட்ட முடியும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு திருத்துகிறேன் என்ற பொருளில் ஒரு சிறு குறிப்பு ஒட்டப்பட்டது. அந்தக் குறிப்பைப் பெற்றவர்களில், குறிப்பாக ஆசிரியர்மீது நம்பிக்கை குறைவாக இருந்த கறுப்பின மாணவர்களில், கட்டுரையைத் திருத்தி எழுதித் தந்தவர்கள் மிகுதி. கண்டிப்பு எதிலும் குறையவில்லை, திருத்தங்கள் அப்படியேதான் இருந்தன.

தூக்கத்தைப் பற்றிய சான்று மற்ற அனைத்தையும் விட வலுவானது. பருவமடையும் காலத்தில் உடலின் உள்கடிகாரம் தாமதமாகத் தள்ளிப்போகிறது என்பதை மேரி கார்ஸ்கடான் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டினார். தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு இரவில் தாமதமாகத் தொடங்குவதால், ஒன்பது மணிக்குப் படுத்தாலும் அவர்களுக்கு எளிதில் தூக்கம் வருவதில்லை. கைப்பேசி அதை இன்னும் தாமதப்படுத்துகிறது என்பது வேறு. 13 முதல் 18 வயது வரை எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014இல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. சியாட்டில் நகரப் பள்ளிகள் 2016இல் தொடங்கும் நேரத்தை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றியபோது, மாணவர்கள் அந்த ஐம்பத்தைந்து நிமிடத்தையும் இரவில் விழித்திருந்து கழித்துவிடவில்லை. நாள்தோறும் ஏறத்தாழ 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகள் 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்பது 2022 ஜூலை முதல் சட்டமாகவே நடைமுறைக்கு வந்தது.

நான்கு மணிப் படிப்பைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னது, எட்டு மணிக்கு ஊரே அடங்கிய காலத்துக்குப் பொருந்தியிருக்கலாம். பதினொன்றரைக்குப் படுத்த பிள்ளையை நான்கு மணிக்கு எழுப்பினால் நாலரை மணி நேரத் தூக்கம்தான் மிஞ்சும். முதல் நாள் படித்ததை மூளை நிலைப்படுத்துவது தூக்கத்தில்தான். அதில் பாதியைப் பறித்துக்கொண்டு, அந்த நேரத்தில் புதிதாகப் படிக்கச் சொல்கிறோம்.

பதில் 7: பத்தாம் வகுப்பு மாணவியின் தந்தை

என் மகள் தினமும் 8 மணிச் சிறப்பு வகுப்புக்காக 6.50 பேருந்தைப் பிடிக்கிறாள். மாலை எங்கள் ஊரிலேயே டியூஷன் முடிந்து வீடு திரும்ப எட்டரை ஆகிறது. அதன் பிறகு சாப்பிட்டு, வீட்டுப்பாடம் முடித்துப் படுக்கும்போது மணி பதினொன்றைத் தாண்டுகிறது. சிறப்பு வகுப்பை மாலைக்கு மாற்றுங்கள் என்று கேட்கவும் எங்களுக்குத் தயக்கம். ஆறு மணிக்கு மேல் எங்கள் ஊருக்குப் பேருந்து இல்லை.

பதில் 8: ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கணிதம்

பேருந்து நேரம் உண்மையான தடை. அதைத் தாண்டி யாரும் கால அட்டவணை போட முடியாது. சிறப்பு வகுப்பை அடியோடு நிறுத்துங்கள் என்று கேட்டால் எந்தத் தலைமை ஆசிரியரும் ஒப்பமாட்டார், தேர்ச்சி விழுக்காட்டுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பொறுப்பில் இருந்திருந்தால் இப்படி ஏற்பாடு செய்வேன்: சிறப்பு வகுப்பை மாலை 4.20 முதல் 5.10 வரை, வாரத்தில் மூன்று நாள் மட்டும். அதில் புதுப்பாடம் எதுவும் கிடையாது. பார்க்காமல் எழுதுவது, கலந்த கணக்குகள், இருவராகச் சொல்லிப் பார்ப்பது, இவை மட்டும். காலையில்தான் வைக்க வேண்டும் என்றால் தொலைவிலிருந்து வருகிறவர்களுக்கு விலக்குக் கொடுத்து, அவர்களுக்கு மதிய உணவு இடைவேளையின் பின்பாதியில் அதே தாளைக் கொடுக்கலாம்.

இதைத் தனி ஆசிரியையாகப் போய்க் கேட்பதை விட, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் வழியாக எழுப்புவது நல்லது. மேலே எழுதிய தந்தையைப் போன்ற நான்கைந்து பேர் தங்கள் பிள்ளை எழும் நேரம், பேருந்து ஏறும் நேரம், படுக்கும் நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தால் போதும். தீர்மானமாகப் பதிவானால் தலைமை ஆசிரியருக்கும் மேலே காட்ட ஓர் ஆவணம் கிடைக்கும். அந்தக் கூட்டத்துக்கு முன்பாக உங்கள் வகுப்பில் பார்க்காமல் எழுதும் முறையை ஒரு பாடத்துக்காவது செய்து, காலாண்டு விடைத்தாளையும் அதன் பிறகு வைத்த தேர்வின் விடைத்தாளையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. அமெரிக்க ஆய்வை யாரும் கேட்கமாட்டார்கள். தம் பிள்ளையின் விடைத்தாளைக் காட்டினால் கேட்பார்கள்.